காலையில் எழ முடியாதவள், பகலில் நடந்தவள்

பாக்கியலட்சுமிக்கு வந்த குற்றச்சாட்டுக் கடிதம் ஒன்றேகால் பக்கம் இருந்தது. எந்த வரியிலும் அவளை ஒருமையில் அழைக்கவில்லை. எல்லாம் "தாங்கள்", "தங்களை". ஒருத்தியின் பிழைப்பைப் பறிக்கும்போது மட்டும் நம் நிர்வாகங்களுக்கு எங்கிருந்தோ மரியாதை வந்துவிடுகிறது.

கடிதம் சொன்னது இதுதான். ஆடி மூன்றாம் வெள்ளியன்று காலை ஐந்து மணிக்கு, முதுகு வலியால் படுக்கையிலிருந்து எழ முடியவில்லை என்று செய்தி அனுப்பி அவள் விடுப்பு எடுத்தாள். அதே நாள் பகல் பதினொன்றேகாலுக்குத் தலையில் பால்குடத்துடன் ஊர்வலத்தில் நடந்து போனாள். அதற்கு வீடியோ இருக்கிறது. இந்த ஆண்டில் இதே காரணம் சொல்லி அவள் எடுத்த பதினேழாவது விடுப்பு இது. ஆகையால் நிர்வாகத்தை ஏமாற்றியிருக்கிறாள். அவளை ஏன் வேலையைவிட்டு நீக்கக்கூடாது என்று ஏழு நாளில் எழுத்து மூலம் பதில் சொல்ல வேண்டும். அதுவரை தற்காலிகப் பணிநீக்கம்.

கடிதத்தில் இருந்த செய்திகள் எல்லாம் உண்மை. காலை ஐந்து மணிக்கு அவளால் எழ முடியவில்லை. பதினொன்றேகாலுக்கு அவள் நடந்தாள். ஒரே நாளில், ஒரே உடம்பு செய்த காரியங்கள். இரண்டு உண்மைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு, அடுத்த வரியில் "ஆகையால்" என்று போட்டு ஒரு பொய்யை நுழைக்கப் படித்தவர்களுக்குத்தான் தெரியும்.

பாக்கியலட்சுமி பாகூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்தவள். பத்தாவது முடித்து, ஆட்டோ ஓட்டும் வெற்றிவேலைக் கட்டிக்கொண்டு முத்தியால்பேட்டைக்கு வந்தாள். இருபத்து மூன்று வயதில், சேதராப்பட்டுப் பக்கம் மாத்திரை அட்டை கட்டும் ஒரு தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தாள். இப்போது முப்பத்திரண்டு வயது. ஒன்பது வருடமாக அவள் வேலை, முதுகு சாயாத ஸ்டூலில் உட்கார்ந்து, பெல்ட்டில் ஓடிவரும் அட்டைகளைப் பார்ப்பது. குழி ஒன்று காலியாக இருந்தாலும், மாத்திரை ஓரம் உடைந்திருந்தாலும் எடுத்துவிட வேண்டும். முதல் ஷிப்டு காலை ஆறு மணிக்கு. கம்பெனி வேன் ஐந்தேகாலுக்கு மணிக்கூண்டுக்கு வந்துவிடும். எட்டு மணி நேரத்தில் இரண்டு இடைவேளை. மற்ற நேரத்தில் ஸ்டூலைவிட்டு எழுந்தால் சூப்பர்வைசர் பக்கிரி நோட்டில் பெயரையும் நேரத்தையும் எழுதுவார்.

அந்த நோட்டில் அதிகம் வந்த பெயர் பாக்கியலட்சுமி. அவள் முன்னால் ஓடும் அட்டைகளில் பாதி வலி மாத்திரை என்பதையும் இங்கே சொல்லிவிடலாம்.

மகள் துர்கா பிறந்த நான்காவது மாதத்தில் வலி தொடங்கியது. இடுப்புக்குக் கீழே, ஒரு வாரம் இடது பக்கம், மறு வாரம் வலது பக்கம். விடிவதற்கு முன்பே வலி அவளை எழுப்பிவிடும். எழுந்தால் முதுகு கட்டைபோல் இருக்கும். செருப்பு மாட்டக் குனிய முடியாது. சுவரைப் பிடித்துக்கொண்டு வாசல் வரை பத்து நடை நடந்து, திரும்பி, மீண்டும் நடந்து, எட்டு ஒன்பது மணிக்குமேல் மெல்ல மெல்ல இளகும். மத்தியானம் பார்த்தால் அவளுக்கு எதுவுமே இல்லை.

துர்கா ஆபரேஷன் செய்து பிறந்தவள். அதனால் தெருவே ஒரே குரலில் காரணம் சொல்லிவிட்டது: முதுகில் போட்ட மயக்க ஊசி. இந்த நாட்டில் ஆபரேஷனில் பிள்ளை பெற்ற பெண்ணுக்கு அதன் பிறகு எந்த முதுகு வலி வந்தாலும் அந்த ஊசிதான் குற்றவாளி. தெரு சொன்னால் மன்னிக்கலாம். ஆறு வருடத்தில் அவள் பார்த்த நான்கு மருத்துவர்களில் இருவர் அதையே சொன்னார்கள். மூன்றாமவர் நடு முதுகுக்கு எக்ஸ்ரே எடுத்து, "நார்மல்" என்று சொல்லி, ஒரு பெல்ட்டைக் கொடுத்து, மூன்று வாரம் அசையாமல் படுக்கச் சொன்னார். படுத்தாள். மூன்றாவது வாரம் கழிவறைக்குப் போகக்கூட வெற்றிவேல் தூக்கிவிட வேண்டியிருந்தது. நான்காமவர் அவளை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு வெற்றிவேலிடம் கேட்டார்: "வீட்ல ஏதாச்சும் பிரச்னையா? மாமியார் மருமக சண்டை? சில பொம்பளைங்களுக்கு மனசுல இருக்கறது முதுகுல வரும்."

நடுவில் ஒரு மூட்டு வைத்தியர் பொட்டலம் பொட்டலமாகப் பொடி கொடுத்தார். இரண்டு மாதம் அற்புதமாக வேலை செய்தது. பிறகு முகம் பூசணிக்காயாக வீங்கியது. பொடியில் என்ன கலந்திருந்தார் என்று அவரும் சொல்லவில்லை, சொல்ல வைக்க எவரும் இல்லை.

இத்தனை பேரில் ஒருவர்கூட, "ஓய்வெடுத்தால் குறைகிறதா, கூடுகிறதா?" என்ற ஒரு கேள்வியைக் கேட்கவில்லை. கேட்க அரை நிமிடம் ஆகும். அதற்குக் கருவி வேண்டாம், மின்சாரம் வேண்டாம்.

மாமியார் பார்வதி மட்டும் வேறொன்று சொல்வாள். காலை நேரத்தில், பாத்திரத்தைச் சற்றுச் சத்தமாக வைத்தபடி:

"மாத்திரை கம்பெனியில வேலை செய்றவளுக்கு மாத்திரை கெடைக்கலியாம். படுத்துக்கினே கெடந்தா முதுகு வலிக்காம இன்னா பண்ணும்? எழுந்து நாலு எட்டு நடந்தா எல்லாம் போயிடும்."

அந்த ஆறு வருடத்தில் பாக்கியலட்சுமிக்குச் சொல்லப்பட்டவற்றில் மருத்துவத்துக்கு மிக அருகில் வந்த பேச்சு அதுதான். கேலியாகச் சொன்னதால் யார் காதிலும் ஏறவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை என்ன நடந்தது என்பதைச் சொல்ல வேண்டும். மருமகளின் முதுகுக்காகப் பால்குடம் எடுப்பதாக வேண்டிக்கொண்டவள் பார்வதி. ஆனால் பார்வதிக்கு முழங்கால் தேய்மானம். "நான் ஷிப்டுக்குப் போவணும், நீங்களே மெதுவா நடங்க அத்தை" என்று முந்தின நாளே பாக்கியலட்சுமி சொல்லியிருந்தாள். காலை நாலரைக்கு அலாரம் அடித்தது. எழ முடியவில்லை. வெற்றிவேல் தன் கைப்பேசியிலிருந்து பக்கிரிக்குச் செய்தி அனுப்பினான். வழக்கமாக அவன்தான் அனுப்புவான்.

ஒன்பது மணிக்கு அவள் சுவரைப் பிடிக்காமல் நின்றாள். பார்வதி பார்த்தாள்.

"ஊட்டுல தானே இருக்குற? வேண்டுதல் உனக்குத்தான். நீயே தூக்கு."

"வழியில உழுந்துட்டா?"

"ஆத்தா பாத்துப்பா. ரொம்பப் பேசாத, மஞ்சப் புடவையக் கட்டு."

சோலை நகர்க் கடற்கரையிலிருந்து கோயில் வரை, தெருத்தெருவாகச் சுற்றி இரண்டு மணி நேர நடை. முதல் தெருவில் ஒவ்வொரு அடியும் இடுப்பில் குத்தியது. இரண்டாவது தெருவில் குத்தல் மங்கியது. நான்காவது தெரு வந்தபோது பல மாதங்களாகத் தெரியாத ஒரு லேசு உடம்பில் வந்தது. தார்ச்சாலையின் சூடு வெறுங்காலில் ஏற, தலையில் குடத்துடன், நிமிர்ந்து நடந்தாள். பார்வதி கன்னத்தில் போட்டுக்கொண்டு அழுதாள். வெற்றிவேல் வீடியோ எடுத்தான். மனம் கொள்ளாத மகிழ்ச்சியில் அதை வாட்ஸப் ஸ்டேட்டஸில் போட்டான். காலையில் விடுப்புச் செய்தி வாங்கிய பக்கிரி, மத்தியானம் அதே எண்ணின் ஸ்டேட்டஸைப் பார்த்தார்.

வீட்டில் இதை அற்புதம் என்றார்கள். கம்பெனியில் மோசடி என்றார்கள். இரண்டு கூட்டமும் ஒரே வீடியோவைப் பார்த்து, யோசிக்க வேண்டிய இடத்தில் சரியாக யோசிப்பதை நிறுத்திக்கொண்டன. மறுநாள் விடியற்காலையில் அவள் மீண்டும் கட்டையாகக் கிடந்தாள். நேற்று இறங்கிய ஆத்தா இன்று எங்கே போனாள் என்று வீட்டில் எவரும் கேட்கவில்லை. ஏமாற்றுகிறவள் ஏன் தன் புருஷனையே வீடியோ போடவிடுவாள் என்று கம்பெனியில் எவரும் கேட்கவில்லை.

கடிதம் வந்த மூன்றாம் நாள் அவளுடைய இடது கண் சிவந்தது.

அது புதிதல்ல. போன வருடம் இரண்டு முறை வந்திருந்தது. இரண்டு முறையும் "மெட்ராஸ் ஐ" என்று சொட்டு மருந்து கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு ஒட்டிக்கொள்ளும் என்று கம்பெனியும் ஒரு வாரம் சம்பளம் இல்லாமல் வீட்டுக்கு அனுப்பியது. இந்த முறை வெளிச்சத்தைப் பார்க்கவே முடியவில்லை. பக்கத்து ஸ்டூல்காரி ஜரினா லீவு போட்டுவிட்டு வந்து, அவளைத் தன் ஸ்கூட்டியில் உட்காரவைத்துக் கதிர்காமத்து அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனாள். ஜரினாவின் வாய்க்குப் பயந்து பக்கிரிகூட அவள் பெயரை நோட்டில் அபூர்வமாகத்தான் எழுதுவார்.

கண் பிரிவில் இருந்தவர் மிக இளைய மருத்துவர். விளக்கடித்து நெடுநேரம் பார்த்தார்.

"பீளை தள்ளுதா?"

"இல்ல சார்."

"போன ரெண்டு தடவையும் ஒரு கண்ணுதானா?"

"ஒன்னுதான்."

அவர் விளக்கை அணைத்துவிட்டுக் கேட்டார்: "முதுகு வலி இருக்குதாம்மா? காலையில எழும்போது விறைச்சுக்கினு?"

பாக்கியலட்சுமி ஜரினாவைப் பார்த்தாள். "நான் கண்ணுக்குத்தானே சார் வந்தேன்?"

"தெரியும்மா. சொல்லுங்க."

முதுகைப் பார்க்க வேண்டியவர்கள் ஆறு வருடம் கேட்காததைக் கண்ணைப் பார்த்தவர் ஐந்து நிமிடத்தில் கேட்டார். கண்ணுக்குள் வந்திருப்பது தொற்று இல்லை, அழற்சி. அது பல சமயம் முதுகெலும்பின் நோயோடு சேர்ந்து வரும் என்று சொல்லி, மருந்து கொடுத்து, ஒரு சீட்டெழுதி மூட்டுவாத நோய்ப் பிரிவுக்கு அனுப்பினார்.

அங்கே இருந்தவர் டாக்டர் அரீபா. நாற்பது வயதிருக்கும். கேள்வியைக் கேட்டுவிட்டுப் பதில் முடியும் வரை எழுதாமல் காத்திருப்பார். அந்தப் பொறுமையே பாக்கியலட்சுமிக்குப் பயத்தைக் கொடுத்தது.

"வலி எத்தனை வயசுல ஆரம்பிச்சுது?"

"இருபத்தாறு."

"விடியக்கால எழுப்பிடுமா?"

"மூணு, மூணரைக்கு."

"படுத்து ரெஸ்ட் எடுத்தா?"

"இன்னும் மோசம் மேடம்."

"நடந்தா? வேலை செஞ்சா?"

பாக்கியலட்சுமி பதில் சொல்ல வாயெடுத்தாள். கடிதம் நினைவுக்கு வந்தது. நடந்ததுதானே குற்றம்?

"நடக்கவே முடியாது மேடம்."

"ஒரு நாளும்?"

"ஒரு நாளும்."

அதுவரை அவள் சொல்லாத பொய்யை அப்போது சொன்னாள். பொய் சொல்லாதபோது பொய்க்காரி என்றார்கள். உண்மையைச் சொன்னால் வேலை போகும் என்று கற்றுக்கொடுத்தார்கள். கற்றுக்கொண்டதை அவள் தவறான இடத்தில், தன் பேச்சைக் காது கொடுத்துக் கேட்ட மருத்துவரிடமே ஒப்பித்தாள். நோயாளிகள் மறைக்கிறார்கள் என்று அலுத்துக்கொள்கிறவர்கள், மறைக்க அவர்களுக்குப் பயிற்சி கொடுத்தது யார் என்றும் கொஞ்சம் யோசிக்கலாம்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். முகத்தில் குழப்பம். "நடந்தா கொஞ்சங்கூடக் கொறையாதுன்னா நான் வேற மாதிரி யோசிக்கணும். நல்லா நெனச்சுப் பாத்துச் சொல்லுங்க."

ஜரினாவுக்குத் தாங்கவில்லை. "அடியே, சொல்லித் தொலையேன்டி! மேடம், இவ புளுகுறா. இன்னா ஜோரா நடந்தா தெரியுமா? அதுக்குத்தான் வேலையே போவப் போவுது." கைப்பேசியை எடுத்து வீடியோவை ஓடவிட்டு டாக்டரின் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

பாக்கியலட்சுமி தலையைக் குனிந்துகொண்டாள்.

டாக்டர் அரீபா வீடியோவை முழுவதும் பார்த்தார். மீண்டும் ஒருமுறை பார்த்தார்.

"இது எத்தனை மணிக்கு?"

"பதினொன்னேகாலு."

"அன்னைக்குக் காலையில?"

"எழுந்திரிக்க முடியல. அதான் லீவு."

"நடக்க நடக்கக் கூடுச்சா, கொறஞ்சுதா?"

"கொறஞ்சுது மேடம்" என்றாள் மெல்லிய குரலில், திருடியதை ஒப்புக்கொள்வதுபோல. "சாயந்திரம் வரைக்கும் லேசா இருந்துச்சு. மாமியாரு ஆத்தா எறங்கிட்டான்னாங்க."

"ஆத்தா இருக்கட்டும். மறுநாள் காலையில?"

"பழையபடி கட்டை."

டாக்டர் சிரித்தார். கேலிச் சிரிப்பு அல்ல. கணக்கு சரியாக வந்துவிட்ட மாணவியின் சிரிப்பு. "இதுக்கா வேலைய விட்டுத் தூக்கறாங்க? இதைக் காட்டித்தாம்மா நான் எங்க பசங்களுக்குப் பாடமே நடத்துவேன். சாதாரண முதுகு வலி ஓய்வெடுத்தாக் கொறையும், வேலை செஞ்சா கூடும். உங்களுது தலைகீழ். ஓய்வுல கூடுது, நடந்தாக் கொறையுது. உங்க கம்பெனி குத்தம்னு எழுதியிருக்கறது இந்த நோயோட அடையாளம்."

அவளைக் குனியச் சொல்லி, நிமிரச் சொல்லி, நாடாவால் முதுகை அளந்தார். மூச்சை இழுக்கச் சொல்லி மார்பை அளந்தார். இடுப்பில் ஓரிடத்தை அழுத்தியதும் அவள் துள்ளினாள். ரத்தப் பரிசோதனைக்கு எழுதினார். எக்ஸ்ரேவும் எழுதினார். இந்த முறை முதுகுக்கு அல்ல, அதற்குக் கீழே. முதுகெலும்பு இடுப்பெலும்பில் வந்து உட்காருகிற இடத்தில் இரண்டு பக்கமும் இரண்டு மூட்டுகள் உண்டு. ஆறு வருடமாக அவற்றை எவரும் படம் எடுக்கவில்லை.

படம் வந்தது. வேறு பெரிய ஸ்கேன் தேவைப்படவில்லை. இரண்டு மூட்டுகளின் ஓரங்களும் அரிக்கப்பட்டிருந்தன. இடது பக்கத்தில் ஓரிடத்தில் எலும்பும் எலும்பும் ஒட்டத் தொடங்கியிருந்தது.

"அங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ்" என்றார் டாக்டர். "உடம்போட காவல் படையே உடம்போட மூட்டைத் தாக்குது. அங்க அழற்சி வருது. விட்டுட்டா எலும்புங்க ஒன்னோடொன்னு ஒட்டிக்கும்."

"பேரே வாயில நுழையல மேடம்" என்றாள் ஜரினா. "இதைப் போயி எங்க மேனேஜருகிட்ட சொன்னா, புதுசா ஒரு சாமி பேருன்னு நெனச்சுப்பாரு."

பாக்கியலட்சுமி சிரிக்கவில்லை. "ஒட்டினது பிரியுமா மேடம்?"

"பிரியாது. மிச்சத்தை ஒட்டாமப் பாத்துக்கலாம். முழுசா போயிடும்னு சொல்ல மாட்டேன். ஆனா நல்லா வாழலாம். மாத்திரையை வலிக்கும்போது மட்டும் இல்லாம, நான் சொல்ற அளவுல தினமும், சாப்பிட்டப்பறம் போடணும். வயித்துக்கும் ஒன்னு தரேன். மாசாமாசம் ரத்தம் பாக்கணும். இதுல அடங்கலைன்னா ஊசி இருக்குது, அதுக்கு ஏற்பாடு பண்ணலாம். தினமும் காலையில உடற்பயிற்சி. அது மாத்திரைக்குச் சமம். ரொம்ப நேரம் ஒரே இடத்துல உக்காராதீங்க. அந்த பெல்ட்டைத் தூக்கிப் போடுங்க."

மருந்துச் சன்னலில் அட்டையை வாங்கிப் பார்த்ததும் பாக்கியலட்சுமி நின்றுவிட்டாள். பச்சை எழுத்து, பத்துக் குழி. ஒன்பது வருடமாக அவள் கண்முன் பெல்ட்டில் ஓடிய அட்டை. இதே மாத்திரையை நான்கு மருத்துவர்களும் கொடுத்திருக்கிறார்கள், இரண்டு நாளைக்கு, மூன்று நாளைக்கு. எந்த நோய்க்கு என்று தெரியாமல் கொடுத்தார்கள். நோய் தெரிந்து, அளவும் காலமும் தெரிந்து கொடுக்க ஆறு வருடமும் ஒரு மூட்டும் ஆனது.

வீட்டில் வெற்றிவேல் வேறொரு தாளோடு காத்திருந்தான். கோயில் நிர்வாகத்தில் தெரிந்த ஒருவரிடம் போய், முத்திரையோடு ஒரு சான்றிதழ் வாங்கி வந்திருந்தான். "மேற்படி பாக்கியலட்சுமி அன்றைய தினம் அன்னையின் அருளால் மட்டுமே நடந்தார் என்று சான்றளிக்கிறோம்."

"இத குடுத்தா மேனேஜரு கப்சிப்புனு ஆயிடுவாரு. அவரும் சாமி கும்புடுறவரு."

"அவரு சாமி கும்புடுவாரு. எனக்குச் சம்பளம் குடுப்பாரா?"

பார்வதி உள்ளேயிருந்து வந்தாள். "இன்னாடி, டாக்டரைப் பாத்ததும் ஆத்தாவ வேணாம்னுட்டியா? நடக்க வச்சது யாரு?"

"என் காலு அத்தை."

"வாயப் பாரு!"

"சாமி வந்து நான் நடக்கல. நான் நடந்தேன். நடந்ததுதான் மருந்தாம். நீங்க பாத்திரத்தை டமடமன்னு வச்சு நாலு எட்டு நடடீன்னு சொல்லுவீங்களே, அதான். டாக்டரும் அதையேதான் சொன்னாங்க."

கோபத்தைத் தொடர்வதா, தான் சொன்னதே மருத்துவம் என்று பெருமைப்படுவதா என்று பார்வதி கணக்குப் போட்டாள். "அப்படிச் சொல்லு" என்று கடைசியில் சொல்லிவிட்டு உள்ளே போனாள். சான்றிதழ் அலமாரியின் மேல் தட்டுக்குப் போனது.

பாக்கியலட்சுமி தன் கையால் பதில் எழுதினாள். டாக்டர் அரீபாவிடம் எழுதி வாங்கிய கடிதத்தை இணைத்தாள். அடுத்த வாரம் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள்.

மேசைக்கு அந்தப் பக்கம் மனிதவள மேலாளர் விஜயராகவன். பக்கத்தில் சாட்சியாகப் பக்கிரி. இந்தப் பக்கம் பாக்கியலட்சுமி, உதவிக்கு ஒரு சக தொழிலாளியை வைத்துக்கொள்ளலாம் என்ற விதிப்படி ஜரினா. விஜயராகவன் மடிக்கணினியில் வீடியோவை ஓடவிட்டார்.

"இது நீங்கதானே?"

"நான்தான் சார்."

"காலையில எழ முடியல. பதினொன்னேகாலுக்குப் பால்குடம். இதுக்கு இன்னா சொல்றீங்க?"

"ரெண்டும் நெஜம் சார். அதான் நோய். டாக்டர் எழுதியிருக்காங்க."

விஜயராகவன் கடிதத்தைப் படித்தார். அதில் அந்த வீடியோவைப் பற்றி ஒரு முழுப் பத்தி இருந்தது: இந்தக் காட்சி நோயாளியின் கூற்றுக்கு முரணானது அல்ல, அதை உறுதி செய்வது. அவர் அந்தப் பத்தியில் திரும்பத் திரும்ப விரலை வைத்துப் பார்த்தார்.

"நான் இருபது வருஷமா இந்த வேலையில இருக்கேன்மா. நடந்தா சரியாப் போற வலியை இப்பத்தான் கேள்விப்படறேன்."

"காலையில எழ முடியலன்னு நான் ஆறு வருஷமாச் சொல்றேன் சார். நீங்களும் இப்பத்தான் கேக்குறீங்க."

கேள்விகள் ஒரு மணி நேரத்தைத் தாண்டின. பதினேழு விடுப்புக்கும் தனித்தனியாகக் கேட்டார். பாக்கியலட்சுமியின் இடுப்பு விறைக்கத் தொடங்கியது. அவள் நாற்காலியைப் பிடித்து எழுந்தாள். சன்னல்வரை நடந்தாள். திரும்பினாள்.

"உட்காருங்கம்மா. விசாரணை நடக்குது."

"கேளுங்க சார், பதில் சொல்றேன். உக்காந்தேன்னா அப்புறம் நாலு பேரு தூக்கணும்."

அந்த அறையில் அவள் நடந்துகொண்டே பதில் சொன்னாள். விஜயராகவனின் தலை பக்கத்துக்குப் பக்கம் திரும்பியது. ஜரினா பக்கிரியிடம் குனிந்து, எல்லோருக்கும் கேட்கும்படி, "நோட்டு எடுத்துக்கினு வரலையா சார்? நேரம் எழுதணுமே" என்றாள்.

"ஜரினா, நீ வாய மூடு" என்றார் பக்கிரி.

"நோட்டு இருக்குதில்ல சார்?" பாக்கியலட்சுமி நடப்பதை நிறுத்தினாள். "அத எடுத்தாரச் சொல்லுங்க."

நோட்டு வந்தது. மூன்று வருட நோட்டு. பக்கிரி தன் கையாலேயே எழுதியது. முதல் ஷிப்டில் பாக்கியலட்சுமி ஆறு இருபதுக்கு எழுந்தாள், ஆறு ஐம்பதுக்கு எழுந்தாள், ஏழு இருபதுக்கு எழுந்தாள். ஒன்பது மணிக்கு மேல் எழுந்தது குறைவு. இரண்டாவது ஷிப்டு வாரங்களில், மத்தியான வேலையில், அவள் பெயர் அநேகமாக இல்லவே இல்லை. பதினேழு விடுப்பும் முதல் ஷிப்டில்தான். அவளைக் குற்றவாளியாக்கச் சேர்த்த நோட்டு, மூன்று வருடமாக ஒரு நோயாளியின் வரலாற்றைத் தவறாமல் எழுதிவைத்திருந்தது. படிக்கத்தான் ஆளில்லை.

விஜயராகவன் நோட்டை மூடினார். வெளியே போய் யாரிடமோ தொலைபேசியில் பேசினார். அரை மணி கழித்து ஒரு தட்டச்சுத் தாளோடு வந்தார். குற்றச்சாட்டைக் கைவிடுகிறார்கள். காலை ஒன்பது மணிப் பொது ஷிப்டு தருகிறார்கள். மருத்துவர் கடிதத்தில் எழுதியபடி அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நடக்கலாம். ஆனால் நோயை முன்கூட்டியே நிர்வாகத்துக்குத் தெரிவிக்காததற்காக ஓர் எச்சரிக்கை உண்டு. கீழே அவள் கையெழுத்திட வேண்டிய வரி: "என் செயலுக்கு வருந்துகிறேன்."

நான்கு மருத்துவர்களுக்குத் தெரியாத நோயைப் பத்தாவது படித்த பெண் முன்கூட்டியே தெரிவித்திருக்க வேண்டுமாம். தோற்றாலும் ஏழையிடம் ஒரு வருத்தக் கையெழுத்தாவது வாங்காமல் எழுந்திருக்க நிர்வாகங்களுக்கு மனம் வருவதில்லை.

"எந்தச் செயலுக்கு சார்?" என்று கேட்டாள் பாக்கியலட்சுமி. "நோய் வந்ததுக்கா, நடந்ததுக்கா?"

"அது சும்மா ஒரு ஃபார்மாலிட்டிம்மா. போட்டுட்டுப் போங்க."

"சும்மான்னா எடுத்துடுங்க."

"பிடிவாதம் பண்ணா மேல போகும். வேலையே திரும்பக் கேள்வியாயிடும்."

வெற்றிவேலின் ஆட்டோ வருமானத்தில் வீட்டு வாடகைதான் கட்டலாம். துர்கா இரண்டாம் வகுப்பு. அதெல்லாம் அவளுக்குத் தெரியும். பேனாவை வாங்கினாள். அந்த வரியை ஒரு கோடு போட்டு அடித்தாள். அதற்கு மேல், பெரிய எழுத்தில், "நான் பொய் சொல்லவில்லை" என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, தேதியும் போட்டாள்.

பதினொரு நாள் பதில் வரவில்லை. அந்தப் பதினொரு நாளும் அவள் விடியற்காலையில் எழுந்து, டாக்டர் சொன்ன பயிற்சிகளைச் செய்துவிட்டு, சோலை நகர்க் கடற்கரை வரை நடந்து திரும்பினாள். முதல் நாட்களில் ஜரினா தொலைபேசியில் திட்டினாள், "கையெழுத்துப் போட்டுத் தொலைச்சிருக்கலாமேடி." ஆறாம் நாள் அவளே, "நல்லவேள போடல" என்றாள். பன்னிரண்டாம் நாள் கடிதம் வந்தது. வேலைக்கு வரலாம். எச்சரிக்கையைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. மன்னிப்பைப் பற்றியும் இல்லை. தற்காலிகப் பணிநீக்க நாட்களின் சம்பளத்துக்காக அவள் தொழிலாளர் அலுவலகத்தில் மனு கொடுத்திருக்கிறாள். அது நடக்கிறது.

ஒட்டிய மூட்டு ஒட்டியதுதான். காலை விறைப்பு முழுவதும் போகவில்லை, இருபது நிமிடத்தில் இளகிவிடுகிறது. கண் பிறகு சிவக்கவில்லை. பார்வதி தெருவில் எல்லோரிடமும், "நான் அப்பவே சொன்னேன், நடன்னு" என்கிறாள். அடுத்த ஆடிக்கும் பால்குடம் உண்டு என்றும் சொல்கிறாள். பாக்கியலட்சுமி மறுக்கவில்லை. இரண்டு மணி நேர நடைதானே.

தொழிற்சாலையில் அரை மணிக்கு ஒருமுறை அவள் எழுகிறாள். பெல்ட்டின் ஓரமாகக் கதவுவரை போய்த் திரும்புகிறாள். முதல் நாள் பக்கிரி நோட்டைக் கையில் எடுத்தார். பிறகு என்ன நினைத்தாரோ, மூடி வைத்துவிட்டார்.

பாக்கியலட்சுமி அவர் மேசைக்கு முன்னால் போய் நின்றாள்.

"எழுதுங்க சார். நேரத்தையும் போடுங்க."

"அதான் அனுமதி குடுத்தாச்சே. எதுக்கு இனிமே?"

"பரவால்ல, எழுதுங்க. டாக்டரு கேப்பாங்க."

அவர் எழுதினார். அவள் குனிந்து, நேரம் சரியா என்று பார்த்துவிட்டு, தன் ஸ்டூலுக்குப் போனாள்.